தாய் எது, பிள்ளை எது

1

இந்தக் கதையை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோ சிடிகளை நகலெடுத்துக் கொடுக்கும் ஒரு கடையில், என்னுடைய சிடி ஒன்று நகலாகிக்கொண்டிருந்தபோது, கடைக்காரர் இதை என்னிடம் சொன்னார். பதினைந்து நிமிடம் பேசியிருப்பார். இருபதாகவும் இருக்கலாம். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெஷினைப் பார்த்தபடியே பேசினார். ஆகையால் அவர் முகம் எப்படி இருந்தது என்று இனி எங்கேயாவது எழுதினால் அது என் சொந்தச் சரக்கு.

நான் கேட்டது எல்லாரும் கேட்கிற கேள்விதான். "காப்பி எடுத்தா தரம் குறையுமா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கதை பிறந்தது அந்த மௌனத்தில்தான். ஏனென்றால் அந்தத் தெருவில் அவருக்கு 'அச்சு' என்று பெயர். யார் வந்து கேட்டாலும் "அச்சு அசலா இருக்கும், ஒரு துளி குறையாது" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர். அப்படிப்பட்டவர் அன்று வாயைத் திறக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "அன்று காலையிலிருந்தே மழை" என்று எழுதி நிறுத்திவிட்டேன். மழை பெய்ததாக அச்சு சொல்லவே இல்லை. கதை எழுத உட்கார்ந்தால் மழை அழைக்காமலே வந்துவிடுகிறது, கடன் கேட்க வரும் உறவுக்காரர் மாதிரி.

இரண்டாவது: "டிஜிட்டல் என்பது எண்களால் ஆனது. எண்கள் தேய்வதில்லை" என்று தொடங்கியது. கதை படிக்க வந்தவரைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது போல் இருந்தது. (ஆனாலும் நாலாம் பகுதியில் கொஞ்சம் உட்காரத்தான் வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மூன்றாவது: "அக்கா கடைக்குள் வந்தபோது அந்த சிடியை மார்போடு அணைத்திருந்தார்." இது பொய். அவர் அதை எவர்சில்வர் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார். வட்டமான, உயரமில்லாத டப்பா. சிடிக்கென்றே செய்ததுபோல் அளவு. மூடியைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ரப்பர் பேண்டு. இப்படி ஒரு டப்பா கையில் கிடைத்திருக்கும்போது நான் எதற்காக மார்பைத் தேடிப் போனேன் என்று தெரியவில்லை.

3

ஆகவே டப்பாவிலிருந்தே தொடங்குகிறேன்.

கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. முன்பக்கம் கண்ணாடி போட்ட மேசை. அங்கே அச்சுவின் மனைவி ஜெராக்ஸ் எடுப்பார், பாஸ்போர்ட் போட்டோவை வெட்டிக் கொடுப்பார், வருகிறவர்களுக்கு வாயும் கொடுப்பார். பின்னால் ஒரு பலகைத் தடுப்பு. அதற்குக் கதவு கிடையாது. தடுப்புக்கு உள்ளே ஒரு நாற்காலி, ஒரு டிவி, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு தட்டு வைத்த நகல் மெஷின். மேல் தட்டில் அசல், கீழ்த் தட்டில் வெற்று சிடி. வேலை முடிந்ததும் இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் நாக்கை நீட்டும்.

அந்தக் கடையில் அசலுக்குத் 'தாய்' என்று பெயர். நகலுக்குப் 'பிள்ளை'. அச்சு தொழில் கற்ற இடத்தில் அப்படித்தான் சொன்னார்களாம். (புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியிடம் அவர் நல்ல மனதோடு "எத்தனை பிள்ளை வேணும்?" என்று கேட்டு, அவர்கள் சிடியையும் விட்டுவிட்டு ஓடிய கதையை அவர் மனைவி எனக்குச் சொன்னார். அதற்கு இங்கே இடமில்லை.) மெஷினில் வைப்பதற்கு முன் தாயின் முதுகில் பேனாவால் 'தா' என்று எழுதுவார். உடனே அதே கையோடு பிள்ளையின் முதுகில் 'பி' என்று எழுதுவார். முதலில் தா, பிறகு பி. இந்த இரண்டு எழுத்தை எழுதாமல் அவர் மெஷினைத் தொட்டதில்லை, ஒரே ஒரு நாள் தவிர.

அந்த ஒரு நாள் நண்பகலில் அக்கா வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர் என்பதால் அந்தத் தெருவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை; தெருவுக்கே அக்கா.

"என்னக்கா, சாப்பாடு கட்டிட்டு வந்துட்டீங்க?" என்றார் அச்சுவின் மனைவி, டப்பாவைப் பார்த்து.

அக்கா சிரிக்கவில்லை. ரப்பர் பேண்டுகளைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் துணி. துணிக்குள் ஒரு தங்க நிற சிடி. அதன் மேல் எழுத்து இல்லை, கீறல் இல்லை. பிறந்த குழந்தையின் உள்ளங்கால் போல இருந்தது.

"இதுல இருந்து இன்னொண்ணு எடுக்கணும்."

"எடுத்துடலாம்மா," என்றார் அச்சு. "அரை மணி நேரம்."

"எடுத்தா குறையுமா?"

"ஒரு துளி குறையாது. அச்சு அசலா..."

"புதுசப் பத்தி நான் கேக்கல. இது. இதுல இருந்து ஏதாவது போயிடுமா?"

அச்சுவுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. அத்தனை வருடத் தொழிலில் இந்தப் பக்கமாக யாரும் கேட்டதில்லை.

"குடத்துல மொண்டா தண்ணி குறையுமே, அப்படிக் கேக்குறாங்க," என்று மனைவி எடுத்துக்கொடுத்தார்.

"அட, ஜெராக்ஸ் எடுத்தா பேப்பர்ல இருக்கற எழுத்தா போயிடுது?"

"வெளிச்சம் பட்டுப் பட்டு மங்குமே," என்றார் அக்கா.

"அது சரிதாங்க," என்றார் மனைவி. அச்சு அவரை முறைத்தார்.

அந்த சிடியில் இருந்தது அக்காவின் அம்மா. ரெடிமேட் சட்டை தைக்கும் ஃபேக்டரியில் புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவர். காலர் தைப்பது எப்படி என்று அவர் செய்துகாட்டுவதை நிர்வாகம் ஒரு முறை டேப்பில் படம் பிடித்தது. பதினோரு நிமிடம். ஓய்வு பெற்றபோது டேப்பை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். அவர் இறந்த பிறகு, ஒன்பது வருடத்துக்கு முன்னால், அக்கா அதை இதே கடையில் கொடுத்து சிடியாக மாற்றிக்கொண்டார். பூஞ்சை பிடித்துப் போன டேப் குப்பைக்குப் போய்விட்டது. அம்மா பேசுவது உலகத்தில் அந்த ஒரு சிடியில் மட்டும்தான் இருந்தது.

அதை வருடத்துக்கு ஒரு முறைதான் அக்கா போட்டுப் பார்ப்பார். பார்க்கப் பார்க்கத் தேயும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"யாருக்கு இன்னொண்ணு?" என்று கேட்டார் அச்சுவின் மனைவி.

"தம்பிக்கு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுறான். ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"ரெண்டு வருஷமாவா குடுக்கல?"

"அம்மா படுத்திருந்தப்ப வந்து பாத்தவன் இல்ல. இப்பக் காது போகுதுன்னதும் அம்மா குரல் வேணுமாம்." அக்கா துணியை நான்காக மடித்தார். "வலது காது போயிடுச்சு. இடதும் போகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் மனசு கேக்கல, இங்க வரச் சொல்லியிருக்கேன். ஆனா ஒண்ணு. என்னோடதுக்கு ஏதாவது ஆச்சுன்னா ரெண்டையும் எடுத்துட்டுப் போயிடுவேன். அவனுக்கு ஒண்ணும் கிடையாது. இப்பவே சொல்லிட்டேன்."

"ஒண்ணும் ஆகாதும்மா," என்று சொல்லிக்கொண்டே அச்சு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எழுதாதீங்க!"

"மேல் பக்கம்தாம்மா. அடையாளத்துக்கு."

"மை உள்ள இறங்கும். எழுத வேண்டாம்."

"மருந்து குடுக்கறவங்க நீங்க. லேபிள் இல்லாத பாட்டிலை யாருக்காவது குடுப்பீங்களா?"

"மருந்து மாறினா ஆள் போயிடும். இதுல என்ன மாறிடப் போகுது? நீங்கதானே ரெண்டும் ஒண்ணுங்கறீங்க?"

அச்சு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். 'தா' எழுதாத கைக்கு 'பி' எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. பழக்கம் அப்படி. ஒன்றின் வாலைப் பிடித்துத்தான் இன்னொன்று வரும்.

4

பள்ளிக்கூடம். இரண்டே நிமிடம்.

டேப் காலத்தில் நகலெடுத்தால் குறைந்தது. நகலிலிருந்து நகலெடுத்தால் இன்னும் குறைந்தது. கடைக்காரர்கள் அதைத் தலைமுறைக் கணக்கில் சொன்னார்கள். இது மூன்றாம் தலைமுறை, ஆகையால் முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும் என்று. சிடி அப்படி இல்லை. அதில் இருப்பது படம் அல்ல, எண்கள். ஒரு எண்ணைப் பார்த்து இன்னொரு இடத்தில் அதே எண்ணை எழுதினால், எழுதியது மங்கலான எண் ஆகிவிடாது. ஆயிரம் முறை எழுதினாலும் ஏழு ஏழுதான். படத்தைச் சுருக்கினால் குறையும். சிடியில் ஆழமான கீறல் இருந்தால் மெஷின் திணறும், சில இடங்கள் போகும். சுருக்காமல், கீறலில்லாமல், இருப்பதை இருப்பதுபோல் எடுத்தால் ஒன்றும் குறையாது. அச்சு சொன்னது சத்தியம்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் மேலே நகர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அச்சு சொன்னது சத்தியம் என்றால், அக்கா கேட்டது முட்டாள்தனமா? அப்படித்தான் முதலில் எழுதினேன். கொஞ்சம் கேலியாகக்கூட எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். ஒன்பது வருடமாக அந்தக் குரல் யாரிடம் இருக்கிறது என்றால் அக்காவிடம்தான். படுக்கையைத் துடைத்து, மருந்து கொடுத்து, கடைசி வரைக்கும் கூட இருந்தவரிடம். தம்பியிடம் ஒன்று போன பிறகு அவருடைய சிடியில் ஒரு எண்கூடக் குறையாது. ஆனால் குறையும். எது என்று கேட்டால்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.)

5

ஒன்பது வருடத்துக்கு முன்னால் தாயை எந்தப் பெட்டியில் இருந்து எடுத்தாரோ அதே பெட்டியில் இருந்து பிள்ளையையும் எடுக்க வேண்டும் என்று அச்சுவுக்கு ஒரு மரியாதை தோன்றியது. கீழ் அலமாரியில் அந்தப் பழைய தங்க நிறப் பெட்டி இன்னும் இருந்தது. மிச்சம் ஐந்தாறு சிடி. ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். நடு வளையத்தில் எண் அச்சிட்டிருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. பெட்டியின் எண். இரண்டிலும் அதே எண்.

அக்கா முன்பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தடுப்பின் வழியாக அச்சுவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலடி தூரம். முதுகு அரிப்பதுபோல் இருந்ததாம் அச்சுவுக்கு. சொறிந்துகொள்ளவும் கூச்சம்.

மெஷின் முடித்தது. இரண்டு தட்டும் வெளியே வந்தன. வழக்கம்போல வலது கையால் மேலே இருந்ததை எடுத்தார், இடது கையால் கீழே இருந்ததை எடுத்தார். அப்போது பின்னால் மனைவியின் குரல்.

"காப்பி ஆச்சு."

"ஆச்சு, இப்பத்தான் எடுத்தேன்."

"குடிக்கற காப்பிங்க. கையை நீட்டுங்க, சுடுது."

திரும்பினால் மூக்குக்கு நேரே டம்ளர். ஆவி பறக்கிறது. சிந்தினால் சிடியில் சிந்தும். அச்சு அவசரமாக இரண்டையும் மேசையில் விரித்திருந்த துணி மேல் வைத்தார், துணியின் நுனியைப் பிடித்து டம்ளர் எட்டாத தூரத்துக்குத் தள்ளினார், டம்ளரை வாங்கினார். ஒரு மடக்குக் குடித்தார்.

குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

துணியைத் தள்ளியபோது அது பாதி சுற்றித் திரும்பியிருந்தது. பாதியா, முழுதா, கால்வாசியா? அதன் மேல் இரண்டு தங்க வட்டம், ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். அவ்வளவு போலவும் இருக்கக் கூடாது.

6

அச்சு முதலில் செய்தது, காப்பியை முழுதாகக் குடித்து முடித்தது. என்ன செய்வதென்று தெரியாதவர் கையில் இருக்கிற வேலையைத்தான் முடிப்பார்.

பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விளிம்பைத் தடவினார். ஒன்பது வருடமாகத் துணிக்குள் தூங்கிய சிடிக்கும் ஒன்பது வருடமாகப் பெட்டிக்குள் தூங்கிய சிடிக்கும் என்ன வித்தியாசம் இருக்கப் போகிறது? கம்ப்யூட்டரில் போட்டு இரண்டையும் ஒப்பிடச் சொன்னார். வித்தியாசம் பூஜ்யம் என்றது. இன்னொரு முறை கேட்டார். பூஜ்யம்.

மனைவி உள்ளே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னங்க?"

"எது தாய்னு தெரியல."

மனைவி துணியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுன்னுதானே ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியறீங்க?"

"ஒண்ணுதான்."

"அப்ப எதுக்கு வேர்க்குது?"

இந்த வரியை மனைவி சொன்னாரா, அச்சு தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா என்பது எனக்குத் தெளிவாக இல்லை. மனைவிக்கே கொடுத்துவிட்டேன். அவர் வாய்க்குத்தான் பொருந்துகிறது.

அச்சு ஒன்றை டிவியில் ஓட்டினார், சத்தத்தைக் குறைத்து. தையல் மெஷின் முன்னால் ஒரு அம்மா. கண்ணாடி, நெற்றியில் ஒட்டிக்கொண்ட முடி, கையில் நீல நூல். "காலர் முனையைத் திருப்பறப்ப ஊசியால நோண்டாதீங்க. குத்தினா துணி போயிடும். உள்ளயே ஒரு நூல் விட்டுத் தெச்சிட்டு, அந்த நூலைப் புடிச்சு இழுங்க. தானா வரும் பாருங்க." ஏழாவது நிமிடத்தில் இழுத்த நூல் அறுந்துவிடுகிறது. அவர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். "இத வெட்டிடுங்கய்யா." யாரும் வெட்டவில்லை.

இன்னொன்றைப் போட்டார். அதே நூல், அதே சிரிப்பு. ஆனால் இதில் நீலம் கொஞ்சம் வெளுத்திருக்கிறதோ? மறுபடி முதலாவதைப் போட்டார். இப்போது இதில் வெளுத்திருந்தது. ஒவ்வொரு முறையும் துடைத்துத் துடைத்து, நாலு முறை மாற்றினார். வெளுப்பு ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றுக்குத் தாவியது. பூஜ்யம் என்று எழுதிக் காட்டிக்கொண்டிருந்த திரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த மனிதர் குறையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார் அக்கா வெளியிலிருந்து.

"செக் பண்றேம்மா."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. கத்தவும் முடியாது. உண்மையைச் சொன்னால் அக்கா இரண்டையும் வாரிக்கொண்டு போய்விடுவார், தம்பிக்குக் குரல் கிடைக்காது. சொல்லாவிட்டால், இத்தனை வருடம் சொல்லிவந்த வாக்கு இன்றைக்குத்தான் பொய்யாகும். இரண்டும் ஒன்று என்று உண்மையாக நம்புகிறவர் மறைக்க என்ன இருக்கிறது? மறைக்கிறார் என்றால் நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

7

தம்பியைக் கெட்டவராக்கினால் என் வேலை சுலபம். ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு பெரிய வண்டி, வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம். எழுதிக்கூட வைத்தேன். ஆனால் அச்சு சொன்ன தம்பி பேருந்தில் வந்தார். பேருந்துச் சீட்டைச் சுருட்டிச் செயலிழந்த காதில் செருகியிருந்தார். சும்மா கிடக்கிற இடம்தானே என்பாராம். (இதை நான் சேர்க்கவில்லை. சத்தியமாக அச்சு சொன்னதுதான். 'இடதும் போகும்' என்று அக்கா சொன்னாரே, அதற்கு 'ஒரு வருடத்துக்குள்' என்று ஒரு கெடு வைத்தது நான். அதை எடுத்துவிட்டேன். கதையை நகலெடுக்கும்போது குறைவதைவிடக் கூடுவதுதான் தொல்லை.)

"என்னக்கா, அம்மாவ டிபன் பாக்ஸ்ல வெச்சா கொண்டாந்த?" கடையே திரும்பிப் பார்த்தது.

"மெதுவாப் பேசு."

"என்ன?"

"மெதுவாப் பேசுன்னேன்!"

"எனக்குக் கேக்கலன்னா நீ கத்தணும், நான் மெதுவாப் பேசணுமா? நல்லா இருக்கே நியாயம்."

அச்சுவின் மனைவி ஜெராக்ஸ் மெஷினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்.

தம்பி இன்னொரு ஸ்டூலை இழுத்து அக்காவின் வலப்பக்கம் போட்டார். இடது காது அவர் பக்கம் இருக்கும்படி. "குடுக்க மாட்டேன்னுதான் நினைச்சேன்," என்றார்.

"இன்னும் குடுக்கல."

"முகம் போட்டோல இருக்குக்கா. குரல்தான் போச்சு. கனவுல வராங்க. வாய் அசையுது. சத்தம் மட்டும் என் சத்தமா இருக்கு. கிரேன் மேல உக்காந்து நான் கத்துற சத்தம்."

அக்கா சொன்னார், கத்தாமல், ஆனால் கேட்கும்படி. "அம்மா போன் பண்ணப்ப எல்லாம் ஷிப்ட்ல இருக்கேன்னு வெச்சிட்ட. அந்தக் குரலத்தான் அப்பக் கேட்டிருக்கணும்."

தம்பி ஏதாவது பதிலுக்குச் சொல்வார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். எழுதும்போது நானும் காத்திருந்தேன். அவருக்காக நல்ல வசனம் ஒன்றுகூடத் தயார் செய்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்:

"ஆமா."

தடுப்புக்குள் நின்ற அச்சுவுக்கு இதெல்லாம் கேட்டது.

8

இங்கே பாதை பிரிகிறது. இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

(அ) அச்சு வெளியே வருகிறார். வலது கையில் இருப்பதை அக்காவிடம் நீட்டி "இது உங்களோடது" என்கிறார். இடது கையில் இருப்பதைத் தம்பியிடம் தருகிறார். யாருக்கும் தெரியாது, யாருக்கும் நட்டமில்லை. அச்சு மட்டும் இனிமேல் அந்த ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போக மாட்டார், தலைவலி என்றால்கூட. இதை ஒரு பக்கம் எழுதினேன். ஆனால் அவர் என்னிடம் முதுகைத் திருப்பியபடி சொன்னது நினைவிருக்கிறது. "வாய் வரைக்கும் வந்துச்சு. வரல."

(ஆ) அச்சு வெளியே வந்து உண்மையைச் சொல்கிறார். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் இரண்டையும் டப்பாவில் வைத்து மூடிக்கொண்டு போகிறார். தம்பி காலி ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுதுகிறவனுக்குச் சோகம் எப்போதும் லாபம். அதன் நட்டம் முழுவதும் தம்பி தலையில். அடித்துவிட்டேன்.

நடந்தது இது.

அச்சு வெளியே வந்தார். இரண்டு சிடியையும் மேசைக் கண்ணாடி மேல் அருகருகே வைத்தார்.

"உங்களோடத எடுத்துக்கோங்கம்மா," என்றார்.

பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. வழியெல்லாம் அடைபட்டவர் சுவரைத் தடவிக் கண்டுபிடித்த சந்து.

அக்கா குனிந்து பார்த்தார். ஒன்றை விளிம்பில் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குக் காட்டினார். இன்னொன்றைக் காட்டினார். மூக்கருகே கொண்டுபோனார், ஒவ்வொன்றாக. மோந்து பார்க்க வேண்டும் என்று அச்சுவுக்குத் தோன்றவே இல்லை. ஒன்பது வருடம் எவர்சில்வருக்கும் துணிக்கும் நடுவில் இருந்த வாசனை அதில் மிஞ்சியிருந்ததோ என்னவோ. இருந்ததைத்தான் அவர் நாலு முறை மாற்றி மாற்றித் துடைத்துத் தொலைத்திருந்தாரே.

ஜெராக்ஸ் மெஷின் நின்றுவிட்டது. மனைவி நிறுத்தியிருக்க வேண்டும்.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அக்கா.

"ஒண்ணுதாம்மா."

"அப்ப எதுக்கு என்னை எடுக்கச் சொல்றீங்க?"

அச்சு சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார். அக்கா அவர் முகத்தை, சீட்டில் எழுதிய மருந்தையும் கையில் எடுத்த மருந்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அச்சு சொல்கிறார். "நிச்சயமாவா?" என்று கேட்டேன். "என் முதுகப் பாத்துட்டே உக்காந்திருந்தவங்க. முதுகு பொய் சொல்லாதுங்க," என்றார்.

அக்கா ஒரு சிடியை எடுத்தார். எடுத்ததைத் தன் டப்பாவில் வைக்கவில்லை. தம்பியின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்தார். மற்றதைத் துணியில் சுற்றி டப்பாவுக்குள் போட்டுக்கொண்டார்.

தம்பி குனிந்து பார்த்தார். "இது காப்பியா, ஒரிஜினலா?"

அக்கா எழுந்து, தம்பியின் தலையைப் பிடித்துச் சாய்த்து, இடது காதில் வாயை வைத்து ஏதோ சொன்னார். மெதுவாக. நாலடி தூரத்தில் நின்ற அச்சுவுக்கும் கேட்கவில்லை, இரண்டடி தூரத்தில் நின்ற அவர் மனைவிக்கும் கேட்கவில்லை. தம்பி அப்படியே தலையைச் சாய்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

"என்ன சொன்னாங்க?" என்று நான் கேட்டேன். அப்போது என் சிடி முடிந்து, மெஷின் இரண்டு தட்டையும் நீட்டியது. அச்சு பேச்சை விட்டுவிட்டு அவற்றை எடுக்கப் போனார்.

காதில் சொன்ன அந்த வாக்கியத்தை மூன்று விதமாக எழுதினேன்.

"ஒரிஜினல்தான்டா. வெச்சுக்கோ."

"காப்பிதான். ஒண்ணும் குறையாதாம்."

"எனக்கும் தெரியல."

மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறொன்று சரியாகத் தெரிகிறது. அக்கா முகர்ந்து தெரிந்துகொண்டு கொடுத்தாரா, தெரியாமலே கொடுத்தாரா, தெரிந்திருந்தால் எதைக் கொடுத்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். நீங்கள் யாருக்காவது இந்தக் கதையைச் சொல்ல நேர்ந்தால் உங்களுக்குத் தோன்றுகிற வாக்கியத்தை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

9

பிறகு நடந்தவை. இவை பின்னொரு முறை போனபோது அச்சுவின் மனைவி சொன்னவை, ஆகையால் கொஞ்சம் நம்பலாம்.

சிடி நகலெடுக்க இப்போது யாரும் வருவதில்லை. மெஷினை விற்றுவிட்டார்கள். அச்சு செல்போன்களில் இருக்கிற போட்டோக்களைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுக்கிறார். தரம் குறையுமா என்று யாராவது கேட்டால் மனைவியைக் கைகாட்டிவிடுகிறார். மனைவிக்கு முழங்கால் வலி. ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அக்கா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தம்பிக்கு இடது காதும் போய்விட்டது. கிரேனிலிருந்து இறக்கி, துறைமுகத்திலேயே சாமான் அறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா அவர் வீட்டுக்குப் போகிறார். இருவரும் அம்மாவைப் போட்டுப் பார்க்கிறார்கள். அம்மா என்ன பேசுகிறார் என்பதை அக்கா ஒரு தாளில் எழுதிக் காட்டுகிறார்.